ஒரே உண்ணி, இரண்டு மாடு

கானாடுகாத்தானுக்கும் பள்ளத்தூருக்கும் நடுவே பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு ஒன்றை என் அத்தை பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருக்கிறார்கள். விளக்கேற்றுவதும் வாசல் தெளிப்பதும் அத்தையின் பொறுப்பு. பின்கட்டை ஒட்டிய மாட்டுக் கொட்டகையை அவர் புழங்கிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. மூன்று ஆண்டுகளுக்கு முன் அங்கே இரண்டு பசுக்கள் நின்றன. ஒன்று, கிடை மாட்டுக்காரர் ஒருவரிடம் கன்றாக வாங்கி வளர்த்த நாட்டுப் பசு. மற்றொன்று, மகளிர் குழுவில் கடன் எடுத்துச் சந்தையில் பிடித்து வந்த ஜெர்சி கலப்பு. இரண்டாம் ஈத்து, கூடவே இரண்டு மாதக் கிடேரிக் கன்று.

வந்த 18ஆம் நாள் கலப்புப் பசு பாலைக் குறைத்தது. அசை போடவில்லை, காது மடல் கொதித்தது. ஊசி போடத் தெரிந்த ஒருவர் வந்து காய்ச்சலுக்கு ஊசி போட்டார். சாயங்காலம் இரண்டு வாய் வைக்கோல் தின்றது. மறுநாள் காலையில் மறுபடி காய்ச்சல். மறுபடி ஊசி. இப்படியே நான்கு நாள் போயிற்று. ஐந்தாம் நாள் கால்நடை மருத்துவர் வந்தபோது, வெப்பமானியை வைப்பதற்கு முன்பே பசுவின் தோளுக்கு முன்னால் கையை ஓட்டினார். அங்கே எலுமிச்சம்பழம் அளவுக்கு நெறி கட்டியிருந்தது. கண் இமையைக் கீழே இழுத்துக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய சவ்வு பழைய காகிதம்போல வெளுத்து, ஓரத்தில் மஞ்சள் ஓடியிருந்தது. ஆறாம் நாள் விடியலில் பசு போய்விட்டது.

அத்தை அழுது முடித்த பிறகு ஒன்று கேட்டார். "இரண்டு மாட்டையும் கடித்தது ஒரே உண்ணிதானே அப்பு? இது மட்டும் ஏன் விழுந்தது?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. அதன் பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். செட்டிநாட்டு ஊர்களில் கலப்பினப் பசு வாங்கிய வீடுகளில் பாதிக்கு மேல் இந்தக் கேள்விக்கான பதில் தேவைப்படும் என்பது என் எண்ணம்.

உண்ணி கடிப்பதால் மட்டும் மாடு சாவதில்லை. நூற்றுக்கணக்கில் ஒட்டியிருந்தால் ரத்தம் குறையும், தோல் கெடும், பால் வற்றும். ஆளை வீழ்த்துவது உண்ணியின் எச்சிலோடு உள்ளே போகிற நுண்ணுயிர். நம் பகுதியில் பேச வேண்டியவை மூன்று: தைலேரியா, பபேசியா, அனப்ளாஸ்மா. முதல் இரண்டும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகள். மூன்றாவது உண்மையில் ஒரு பாக்டீரியா. மூன்றுமே ரத்தச் சிவப்பணுவில் குடியேறுவதால் ஒரே குடும்பம்போலப் பேசப்படுகின்றன. ஆனால் குணம் வேறு, மருந்தும் வேறு. "உண்ணிக் காய்ச்சல்" என்று ஒரே பெயரில் அழைக்கும்போது இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

அத்தையின் பசுவைக் கொண்டுபோனது தைலேரியா அனுலாட்டா. அனுலாட்டா என்றால் லத்தீனில் வளையம் உள்ளது என்று பொருள். மருத்துவர் பசுவின் காது நரம்பில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் மெல்லியதாக இழுத்து, காயவைத்து, சாயம் ஏற்றி, மருந்தகத்து நுண்ணோக்கியில் என்னைப் பார்க்கச் சொன்னார். வெளிறிய சிவப்பு வட்டங்கள் பரவிக் கிடந்தன. பல வட்டங்களுக்குள் ஊதா நிறத்தில் ஒரு குட்டி மோதிரம். மோதிரத்தின் ஓரத்தில் கல் பதித்ததுபோல ஒரு புள்ளி. ஒரே அணுவுக்குள் இரண்டு மூன்று மோதிரங்கள்கூட இருந்தன. பார்க்க அழகாக இருந்ததுதான் எனக்கு மிகவும் வலித்தது.

அந்த மோதிரம் நோயின் பிந்திய கட்டம். தைலேரியா முதலில் சிவப்பணுவுக்குப் போவதில்லை. உண்ணியின் எச்சிலிலிருந்து இறங்கியதும் அது பிடிப்பது வெள்ளையணுவை, அதாவது நோயை எதிர்க்க வேண்டிய காவல்காரனையே. உள்ளே புகுந்து அந்த அணுவின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டைத் தன் கைக்குள் கொண்டுவருகிறது. அணு ஓயாமல் இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொரு முறையும் ஒட்டுண்ணியும் கூடவே பிரிந்து இரண்டு பக்கமும் பங்கு போட்டுக்கொள்கிறது. ஏறக்குறைய புற்றுநோய் பெருகும் விதம் இதுதான். ஒட்டுண்ணியைக் கொல்லும் மருந்து சேர்ந்தால் அந்த அணு மறுபடி அடங்கிவிடுகிறது என்பதுதான் வித்தியாசம். விஞ்ஞானிகள் இதை இவ்வளவு ஆர்வமாக ஆராய்வதற்கு இதுவே காரணம். தோளுக்கு முன்னாலும் தொடைக்கு முன்னாலும் நெறி கட்டுவது இந்தப் பெருக்கத்தின் வெளி அடையாளம். காய்ச்சல் 104 முதல் 107 டிகிரி ஃபாரன்ஹீட் வரை ஏறும். மாட்டின் இயல்பான வெப்பம் 101.5 டிகிரியை ஒட்டியது. பிறகுதான் சிவப்பணுக்கள் உடைந்து சோகையும் காமாலையும் வருகின்றன. இமை வெளுக்கும்போது நோய்க்கு வயதாகிவிட்டது என்று பொருள்.

பபேசியாவின் வழி வேறு. அது நேரே சிவப்பணுவுக்குள் போய், பேரிக்காய் வடிவத்தில் இரண்டிரண்டாக உட்கார்ந்து, அணுவை உடைத்து வெளியே வருகிறது. உடைந்த ரத்தத்தின் சிவப்பு சிறுநீரகம் வழியாக இறங்குவதால் மூத்திரம் கட்டங்காப்பி நிறத்தில் போகும். இதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அனப்ளாஸ்மாவில் இந்த நிறம் வராது. அங்கே சிவப்பணுக்களை மண்ணீரல் முதலான உறுப்புகளே பிடித்து அழித்துவிடுகின்றன. மாடு மஞ்சளிக்கும், சாணம் இறுகும், மூச்சு வாங்கும். அனப்ளாஸ்மா உண்ணி இல்லாமலும் பரவும் என்பதைச் சொல்லியாக வேண்டும். கடிக்கும் ஈக்கள் பரப்பும். ஒரே ஊசியை அடுத்தடுத்த மாட்டுக்குப் போட்டாலும் பரவும். ஊர் ஊராகப் போய் ஒரே ஊசியால் குத்துகிறவர்களை வீட்டு வாசலிலேயே நிறுத்த இந்த ஒரு காரணம் போதும்.

இனி அத்தையின் கேள்வி. இதே கேள்வியை 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க விவசாயிகளும் கேட்டார்கள். டெக்சாஸிலிருந்து வடக்கே ஓட்டி வரப்பட்ட மாடுகள் திடமாக நடந்து போகும். அவை நடந்த வழியில் மேய்ந்த வடக்கத்தி மாடுகள் சில வாரங்களில் ரத்த மூத்திரம் போய்ச் சாகும். நோயைக் கொண்டுவந்த மாட்டுக்கு நோய் இல்லை. இதில் உண்ணிக்குப் பங்கு இருக்கிறது என்று மாட்டுக்காரர்கள் சந்தேகப்பட்டார்கள்; படித்தவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் என்ற இருவர் 1889இல் சோதனையைத் தொடங்கினார்கள். ஒரு வேலிக்குள் உண்ணியோடு வந்த தெற்கத்தி மாடுகளையும், இன்னொரு வேலிக்குள் உண்ணியைக் கையால் பொறுக்கி எடுத்துவிட்ட தெற்கத்தி மாடுகளையும் விட்டு, இரண்டிலும் வடக்கத்தி மாடுகளைச் சேர்த்தார்கள். முதல் வேலியில்தான் நோய் வந்தது. 1893இல் முடிவை வெளியிட்டார்கள். கணுக்காலி ஒன்று நோய்க்கிருமியைச் சுமந்து பரப்புகிறது என்பதற்குக் கிடைத்த முதல் உறுதியான சான்றுகளில் இது ஒன்று. செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவுக்குள் மலேரியாவைக் கண்டது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1897இல். மருத்துவ வரலாற்றின் ஒரு பெரிய கதவு மாட்டுக் கொட்டகை வழியாகத்தான் திறந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

தெற்கத்தி மாடு ஏன் சாகவில்லை? அது கன்றாக இருந்தபோதே கடிபட்டிருந்தது. பபேசியாவைப் பொறுத்தவரை, பிறந்து ஆறு முதல் ஒன்பது மாதம் வரை கன்றுகளுக்கு வயதின் காரணமாகவே தாங்கும் சக்தி அதிகம். சீம்பாலில் வந்த தாயின் எதிர்ப்புப் பொருளும் துணை நிற்கும். அந்தக் காலத்தில் கிருமி உள்ளே வந்தால் லேசாகக் காய்ந்துவிட்டுப் போகும். அதன் பிறகு ரத்தத்தில் ஒரு மூலையில் கிருமி கொஞ்சமாகத் தங்கியிருக்கும், மாடும் அதைக் கட்டிவைத்திருக்கும். ஒரு ஊரில் எல்லாக் கன்றுகளும் இப்படிச் சிறு வயதிலேயே பழகிவிட்டால் அங்கே நோய் இருந்தும் சாவு இருக்காது. வெளியிலிருந்து வந்த வளர்ந்த மாடுதான் அந்த ஊரில் விழும். உண்ணி குறைந்த இடத்தில், சிமெண்டுத் தரையில் வளர்ந்த பசு சந்தை வழியாகக் கானாடுகாத்தான் வந்தால் அது வடக்கத்தி மாடுதான்.

இதோடு இனத்தின் பங்கும் சேர்கிறது. திமில் உள்ள நம் நாட்டு மாடுகளின் தோலும் உடலும் உண்ணியை அதிகம் ஒட்டவிடுவதில்லை. தைலேரியா உள்ளே போனாலும் அவற்றின் உடல் அளவோடு எதிர்வினை காட்டுகிறது. திமில் உள்ள சாகிவால் இனக் கன்றுகளுக்கும் சீமை இனமான ஹோல்ஸ்டீன் கன்றுகளுக்கும் ஒரே அளவு கிருமியைச் செலுத்திப் பார்த்த ஆய்வில், சாகிவால் கன்றுகள் லேசான நோயோடு தேறின, ஹோல்ஸ்டீன் கன்றுகளை நோய் கடுமையாகத் தாக்கியது. நம் சிவகங்கைச் சீமைக்குரிய புலிக்குளம் மாடுகளைப் பார்க்கும்போது எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. அவை கிடை மாடுகள். இன்று ஒரு வயலில் அடைந்தால் சில நாளில் அடுத்த ஊர் வயலுக்குப் போய்விடும். சுவரும் கூரையும் உள்ள ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்காததால், சுவரை நம்பி வாழும் உண்ணி அவற்றைச் சுற்றிக் கூட்டம் சேர்க்க முடிவதில்லை.

இந்தச் சுவர்தான் பலரும் கவனிக்காத இடம்.

தைலேரியாவைச் சுமப்பது ஹயலோமா என்ற உண்ணி. கால்களில் பட்டை பட்டையாக வரி ஓடியிருக்கும்; ஓட்டமும் வேகம். இது மாட்டின் மேலேயே வாழ்நாளைக் கழிப்பதில்லை. குஞ்சாக ஏறி ரத்தம் குடிக்கும், வளர்ந்ததும் இறங்கிவிடும், கொட்டகைச் சுவரின் வெடிப்பில் ஒளிந்து சட்டை உரிக்கும், மறுபடி ஏறும். கிருமியுள்ள மாட்டைச் சிறு பருவத்தில் குடித்த உண்ணி, பெரிய பருவத்தில் அடுத்த மாட்டுக்கு அதைக் கொடுக்கும். வாழ்நாளில் பெரும்பகுதி அது மாட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. நம் பக்கத்துப் பழைய கொட்டகைகளை நினைத்துப் பாருங்கள். செம்புறாங்கல் சுவர், கல்லே தேன்கூடுபோல ஓட்டை. பூச்சு உதிர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கீழே மண் தரை, மூலையில் பழைய கூளம். பசு செத்த மறுவாரம் அத்தையோடு டார்ச் விளக்கு எடுத்துக்கொண்டு அந்தச் சுவரைப் பார்த்தேன். முளைக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில் இருந்த ஒரு கல் இடுக்கில் ஈர்க்குச்சியை விட்டு நெம்பினேன். உரித்த சட்டைகளும் உயிரோடு ஊர்பவையுமாக ஒரு கைப்பிடி கொட்டியது. மாட்டின் மேல் எத்தனை முறை மருந்து தெளித்தாலும் உண்ணி ஏன் தீரவில்லை என்பதற்கு அந்த இடுக்கே பதில் சொன்னது.

பபேசியாவைப் பரப்பும் உண்ணி வேறு. அது ஒரே மாட்டின் மேல் ஏறிக் குஞ்சிலிருந்து பெரியதாகும் வரை மூன்று வாரம் போல அங்கேயே தங்கி, முற்றியதும் விழுந்து மண்ணில் இரண்டாயிரம் மூவாயிரம் முட்டை இட்டுச் சாகும். கிருமி தாயின் முட்டைக்குள்ளேயே போய்விடுவதால், மாட்டையே பார்த்திராத குஞ்சுகூடக் கிருமியோடுதான் பொரிகிறது. கண்மாய்க் கரைப் புல் நுனியில் காத்திருந்து, உரசிப் போகிற மாட்டில் ஏறிக்கொள்ளும். இப்படி ஓர் உண்ணி கொட்டகையில், ஓர் உண்ணி மேய்ச்சலில். கொக்கும் கோழியும் கொஞ்சம் பொறுக்கும். உண்ணிக்கொக்கு என்று நாம் பெயர் வைத்திருந்தாலும் அந்தப் பறவை பெரும்பாலும் தின்பது மாட்டின் காலடியில் கிளம்பும் பூச்சிகளைத்தான். அதை நம்பி இருந்துவிட முடியாது.

அப்படியானால் என்ன செய்யலாம்? முதல் நல்ல செய்தி: தைலேரியாவைச் சுமக்கும் உண்ணி, ஒட்டிய உடனே கிருமியைக் கொடுத்துவிடாது. அதன் உமிழ்நீர்ச் சுரப்பியில் கிருமி முற்றுவதற்கே இரண்டு மூன்று நாள் ரத்தம் குடிக்க வேண்டும். அந்த அவகாசத்துக்குள் எடுத்துவிட்டால் அந்தக் கடி வெறும் கடிதான். சிராவயல் மஞ்சுவிரட்டுக்குக் காளை வளர்ப்பவர்கள் அன்றாடம் காளையின் உடம்பைத் தடவி, காதுக்குள்ளும் வாலடியிலும் உண்ணி பார்த்து எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தடவலில் பாதி, பால் கறக்கும் பசுவுக்குக் கிடைத்தால் போதும். காது, தாடைக்குக் கீழ்த் தொங்கு தோல், மடி இடுக்கு, வாலடி ஆகியவற்றில் கைபட வேண்டும். எடுத்த உண்ணியை விரலால் நசுக்கக் கூடாது. மண்ணெண்ணெயிலோ சோப்புத் தண்ணீரிலோ போட வேண்டும். ஹயலோமா உண்ணி மனிதருக்குக் கிரிமியன்-காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சலைக் கொடுக்கக் கூடியது. குஜராத்தில் 2011இல் அது உறுதிசெய்யப்பட்டது. மாட்டுத் தைலேரியாவும் நம் பகுதிப் பபேசியாவும் மனிதருக்கு வருவதில்லை, பால் வழியாகவும் வராது. ஆனால் மருந்து போட்ட பசுவின் பாலை மருத்துவர் சொல்லும் நாள் வரை ஊற்றக் கூடாது.

தெளிப்பு மருந்துகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கவலை உண்டு. டெல்டாமெத்ரின் போன்றவற்றுக்கு உண்ணிகள் பழகிவிட்டதை நாட்டின் பல பகுதிகளில் பதிவுசெய்திருக்கிறார்கள். மருந்தை நீர்த்துத் தெளிப்பதும், பாதி உடம்பில் மட்டும் தெளிப்பதும்தான் உண்ணிக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுக்கின்றன. தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவர்கள் பரிந்துரைக்கும் மூலிகைக் கரைசல் ஒன்று உண்டு: பூண்டு 10 பல், வேப்பிலை, வேப்பம்பழம், துளசி, உண்ணிச்செடி இலை ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள் தூள் 20 கிராம். அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து வடிகட்டி, வாரம் ஒருமுறை உடம்பிலும் சுவர் இடுக்கிலும் தெளிக்க வேண்டும். கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டியது கொஞ்சம்தான். எதைத் தெளித்தாலும் சுவரை விட்டுவிட்டால் வீண். இடுக்குகளைச் சிமெண்டு வைத்து அடைத்து, சுண்ணாம்பு அடித்து, கூளத்தை அப்புறப்படுத்துவது ஒரு வாரக் கூலி வேலை.

நோய் வந்தால் நேரம்தான் எல்லாம். தைலேரியாவுக்குப் புபர்வாகுவோன் என்ற ஊசி இருக்கிறது. கிலோ எடைக்கு 2.5 மில்லிகிராம், தசையில் போடுவது. 300 கிலோ பசுவுக்கு 15 மில்லி வரும். விலை கூடியதுதான், ஆனால் நெறி கட்டிய முதல் இரண்டு மூன்று நாளில் போட்டால் பெரும்பாலும் தேறிவிடும். ரத்தம் உடைந்த பிறகு போட்டால் கிருமி சாகும், மாட்டைக் காப்பது கடினம். அப்போது நலமான இன்னொரு மாட்டின் ரத்தத்தை ஏற்ற வேண்டியும் வரலாம். பபேசியாவுக்கு டிமினசீன், அனப்ளாஸ்மாவுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின் என மருந்து மாறும். ஆக்சிடெட்ராசைக்ளின் போட்டு முற்றிய தைலேரியாவைத் துரத்த முடியாது. வெறும் காய்ச்சல் ஊசி எதையும் துரத்தாது. அரை நாள் காய்ச்சலை மறைத்து, நமக்கு நம்பிக்கையைக் கொடுத்து, பசுவின் நாள்களைத் தின்றுவிடும். அத்தையின் பசு செத்தது அந்த நான்கு நாளில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே காய்ச்சல் கண்ட முதல் நாளே, ஊசி எதுவும் போடுவதற்கு முன், காது ரத்தம் எடுத்துச் சில்லில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மருந்தகம் தொலைவு என்றால் 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்குப் பேசலாம்.

தைலேரியாவுக்குத் தடுப்பூசியும் இந்தியாவிலேயே தயாராகிறது. ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி அது. திரவ நைட்ரஜனில் உறையவைத்தே கொண்டுவர வேண்டும் என்பதால் கிராமம் வரை வருவதில்லை. கோமாரிக்கு முகாம் போட்டுக் குத்துகிறார்கள். இதற்கு அப்படி முகாம் இல்லை. சினை ஊசிக்கென்று ஊர் ஊராகத் திரவ நைட்ரஜன் குடுவை போய்க்கொண்டுதான் இருக்கிறது. கலப்பினம் வளர்க்கச் சொல்லி விந்தைக் கொண்டுவரும் அதே குடுவையில், அந்தக் கலப்பினத்தைக் காக்கும் ஊசியும் வரட்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. பால் சங்கங்கள் கேட்க வேண்டும்.

நாட்டு மாட்டுக்குத் திரும்பிவிடுங்கள் என்று அத்தைக்கு அறிவுரை சொன்னவர்கள் உண்டு. நாட்டுப் பசு ஒரு வேளைக்கு ஒன்றரை லிட்டர் கறக்கிறது. குழுக் கடன் வாரத் தவணை அதைவிட வேகமாக வருகிறது. சொன்னவர்கள் தவணை கட்டுவதில்லை.

அந்தக் கிடேரிக் கன்றுக்கும் காய்ச்சல் வந்தது, தாய் செத்த நான்காம் நாள். அத்தை இந்த முறை தோளுக்கு முன்னால் கை வைத்துப் பார்த்துவிட்டு, இருட்டோடு இருட்டாக மருத்துவருக்குப் பேசினார். அன்றே சில்லு, அன்றே ஊசி. கன்று தேறியது. ரத்தத்தில் கிருமி கொஞ்சம் தங்கியிருக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்; மாடு பலவீனப்படும்போது அது தலைதூக்கலாம், குறிப்பாகக் கன்று ஈனும் சமயத்தில். இப்போது அந்தக் கிடேரி ஒன்பது மாதச் சினை. சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்து அத்தை அதன் தோளைத் தடவிப் பார்க்கிறார், காது மடலைத் தொட்டுப் பார்க்கிறார், பிறகு சுவரில் டார்ச் அடிக்கிறார்.